காளியப்பன் வேலியில் ஒரு சைக்கிள்

1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, பரமத்தி வேலூருக்குக் கிழக்கே ராஜா வாய்க்காலின் கரைமேல் பெண்கள் ஓட்டும் சைக்கிள் ஒன்று போயிற்று.

ஓட்டிப் போனவள் சாரதாமணி. வேலூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. ஊரார் வாயில் நர்ஸம்மா. வயது முப்பத்தொன்று. சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். பதினேழு வயதில் கணவன் வாந்திபேதியில் போய்விட, சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து பிரசவம் பார்க்கப் படித்தாள். அங்கே பாடம் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார நர்ஸ் சீமைக்குத் திரும்பும்போது தன் சைக்கிளை அவளிடம் விட்டுப் போனாள். குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிள். புடவை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தின் இரு புறமும் நூல் வலை கட்டியிருக்கும். கேரியரில் கறுப்புத் தகரப் பெட்டி. ஒரு முறை அந்தப் பெட்டி கத்தரிக்கோல், லைசால் மருந்துப் புட்டியோடு வாய்க்காலில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு சைக்கிள் கடைக்காரர் அதைக் கழற்ற முடியாதபடி போல்ட் போட்டு முடுக்கிக் கொடுத்தார்.

வாரத்தில் ஆறு நாள் அந்தச் சைக்கிள் யாராவது ஒருவருடைய அவசரத்துக்காக ஓடியது. முன்னால் வியர்க்க விறுவிறுக்க ஒரு புருஷனோ மாமனாரோ ஓடுவார். பின்னால் சாரதாமணி வலி எப்போது எடுத்தது, எத்தனை நாழிகைக்கு ஒரு முறை எடுக்கிறது என்று கேட்டுக்கொண்டே மிதிப்பாள். வழியில் மரம் இருந்ததா, தண்ணீர் ஓடியதா என்று அன்றைக்குக் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக் கதை வேறு. அன்று ஆஸ்பத்திரியை மூத்த மருத்துவச்சி பார்த்துக்கொள்வாள். சாரதாமணி பெட்டியிலிருந்த சாமான்களை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, பெட்டிக்குள் சோறு போட்ட தூக்குப்போசி, ஒரு துண்டு, கொஞ்சம் பொரிகடலை, பழைய வாரப்பத்திரிகை ஒன்று இவற்றைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

வாய்க்கால் கரைக்கு ஏறும் இடத்தில் இரண்டு கல் நட்டிருந்தது. நடுவில் மாடு நுழையலாம், வண்டி நுழையாது. கரை சரிந்துவிடும் என்று வண்டிகளுக்குத் தடை. கல்லைத் தாண்டிவிட்டால் புழுதி இல்லை, லொடலொடக்கும் பார வண்டி இல்லை, ஹாரனை அடித்துக்கொண்டு வரும் நாமக்கல் பஸ் இல்லை. ஒரு பக்கம் கரைபுரள ஓடும் காவேரித் தண்ணீர். மறு பக்கம் வெற்றிலைக் கொடிக்கால், அப்புறம் வாழை, அப்புறம் மறுபடி கொடிக்கால். அகத்தி நிழல் கரையின் மேல் வரிவரியாக விழும். தண்ணீர் போகிற வேகத்துக்குச் சரியாக மிதித்தால், மிதக்கும் தேங்காய் மட்டை ஒன்று ஒரு மைல் தூரம் கூடவே வரும். அப்படி ஒரு மட்டையோடு வருவதற்காகவே சில நாள் அவள் வேகத்தைக் குறைத்துக்கொள்வாள்.

லஸ்கர் கருப்பண்ணன் நண்டு வளையை மண்ணால் அடைத்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் கரையைக் காப்பது அவர் வேலை. தினமும் எட்டு மைல் நடப்பார். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

"தொலவுங்களா நர்ஸம்மா?"

"ஆமாங்க, கொஞ்சம் தொலவுதான்."

"நல்லபடியா போயிட்டு வாங்க."

புறப்பட்டுப் போகிறவர்களை 'எங்கே' என்று கேட்பது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். அதற்குப் பதிலாகத் 'தொலவா' என்று கேட்பார்கள். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் விஷயம் அத்தோடு முடிந்தது. அதுவும் மருத்துவச்சி போகும்போது எங்கே என்று கேட்க ஒருவருக்கும் வாய் வராது. சாரதாமணியும் யார் வீட்டுக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிரசவ வீட்டின் பெயரை வழியில் சொன்னால் கண்பட்டுவிடும் என்று ஊரார் நினைத்தார்கள். ஒரு வீட்டு விஷயத்தை இன்னொரு வீட்டில் பேசக் கூடாது என்று அவளுக்குப் படிப்பில் சொல்லியிருந்தார்கள். ஆறு நாளும் ஒழுங்காக நடந்துவந்த இந்த ஏற்பாடு ஏழாம் நாள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

ஐந்தரை மைலில் தோப்புப்பாளையம் மதகு. அங்கே வாய்க்காலிலிருந்து ஒரு கிளை பிரிந்து கொடிக்கால்களுக்கு நடுவே போய்க் கோரை ஏரியில் விழுகிறது. ஏரிக்குப் போகும் வரப்பில் சைக்கிள் போகாது. நடுவில் பனந்தண்டைப் பாலமாகப் போட்டிருந்தார்கள். ஆகவே மதகை ஒட்டியிருந்த காளியப்பன் வீட்டுக் கிளுவை வேலியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தூக்குப்போசியும் துண்டும் பத்திரிகையுமாக இரண்டு பர்லாங்கு நடந்து போவாள். ஆடி முதல் ஞாயிறு தற்செயலாகக் கண்டுபிடித்த இடம். இது ஐந்தாம் ஞாயிறு.

ஏரி பெரியதல்ல. பாதி கோரை, பாதி தண்ணீர். கரையில் புங்கமரம் ஒன்று. அதன் அடியில் வண்ணார் போட்டுவிட்டுப் போன ஒரு துவைகல். அதில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டால் கெண்டைக் குஞ்சுகள் வந்து குதிகாலைக் கொத்தும். எதிர்க் கரையில் நாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும். நீர்க்கோழி ஒன்று ஐந்து குஞ்சுகளோடு கோரைக்குள்ளிருந்து வெளியே வரும். நாலு குஞ்சு சொன்னபடி போகும், ஐந்தாவது எப்போதும் பின்தங்கிக் கத்தும். சாரதாமணி பொரியைத் தின்றுகொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பத்திரிகையில் ஒரு பக்கத்துக்கு மேல் படித்ததில்லை.

அன்றும் அப்படியே ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பினாள். வேலியில் சைக்கிள் இல்லை.

சைக்கிள் மதகைத் தாண்டி வாய்க்காலின் எதிர்க் கரையில் ஒரு பனைமரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் காளியப்பனின் மனைவி பொன்னாயி உட்கார்ந்திருந்தாள். காளியப்பன் கொடிக்காலுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நாந்தானுங்க தள்ளிக்கிட்டு வந்து இங்க நிறுத்துனேன்" என்றாள் பொன்னாயி. "கோவிச்சுக்காதீங்க நர்ஸம்மா."

"கோவமென்னங்க. வேலி ஏதாச்சும் ஒடைஞ்சு போச்சுங்களா?"

"வேலி ஒடைஞ்சா கட்டிக்கலாமுங்க." பொன்னாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இன்னைக்கு மட்டும் இந்தக் கரையில பதினாலு பேரு போனாங்க. அத்தன பேரும் சைக்கிளப் பாத்தாங்க, அப்பறம் எங்கூட்டப் பாத்தாங்க. ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்குலீங்க. கேட்டிருந்தா பதிலு சொல்லியிருப்பேன்."

சாரதாமணிக்கு விளங்கவில்லை. "ஊட்டுல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?" என்றாள்.

"அதத்தானுங்க ஊரே நெனைக்குது! எங்கூட்டுல இருக்கறது மூணே பேரு. எனக்கு வயசு நாப்பத்தெட்டு. அவருக்குப் பேறு பாக்க வந்தீங்கன்னு யாரும் சொல்லமாட்டாங்க. மிச்சம் யாரு?"

மிச்சம் சின்னாயி. காளியப்பனின் ஒரே மகள், பதினெட்டு வயது. செப்டம்பர் இரண்டாம் தேதி, ஆவணி வளர்பிறை வெள்ளிக்கிழமை, அவளுக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு கிழக்கே இரண்டு மைலில் கரையாம்புதூர். நேற்று அங்கிருந்து ஆள் வந்து, ஊட்டுல ஒரு சின்னத் தடங்கல், தாக்கல் சொல்லி அனுப்பும் வரைக்கும் தேங்காய் பழம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனானாம். என்ன தடங்கல் என்று அவனும் சொல்லவில்லை, காளியப்பனும் கேட்கவில்லை.

சாரதாமணி பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரையில் தன்னிடம் 'தொலவுங்களா' என்று கேட்டவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். அத்தனை பேருக்கும் 'ஆமாங்க' என்று சிரித்த முகத்தோடு பதில் சொல்லியிருந்தாள்.

"நான் ஏரிக்குப் போறனுங்க பொன்னாயியம்மா. சும்மா உக்காந்துட்டு வாரேன். அவ்வளவுதான்."

"எனக்குத் தெரியுமுங்க. நீங்க வரப்புல போறத நானே பாக்கறேன். கரையில போறவங்களுக்குச் சைக்கிள்தானுங்க தெரியுது. கொடிக்கால் மறைக்குது." பொன்னாயி கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்க மேல குத்தஞ் சொல்லுலீங்க சாமி. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

"வரலீங்க" என்றாள் சாரதாமணி.

"வராம நின்னுட்டா அதைவிடக் கெட்டுப் போச்சு" என்று ஒரு குரல் வந்தது.

சின்னாயி மதகுச் சுவரின் மேல் உட்கார்ந்து வெற்றிலைக் கூடைக்கு வாழைநார் கட்டிக்கொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை.

"நீ உள்ள போடி."

"இரும்மா. அஞ்சு ஞாயிறா வந்த நர்ஸம்மா ஆறாவது ஞாயிறு வருலீன்னா என்ன சொல்லுவாங்க? காரியம் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லுவாங்க." சின்னாயி நாரைப் பல்லால் கடித்து இழுத்தாள். "வரவும் வேணும், சைக்கிளும் அதே எடத்துல நிக்கவும் வேணும். ஒரு வருசம் நின்னாத்தான் ஒண்ணுமில்லீன்னு நம்புவாங்க. அதுக்குள்ள எனக்கு நரைச்சிரும்."

பொன்னாயி அழுகையை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள். சாரதாமணிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"மாப்பிள்ள ஊட்டுல யாரு பெரியவங்க?"

"மாமியாக்காரிதான் எல்லாம்" என்றாள் சின்னாயி. "பேரு பாப்பாயி. லஸ்கர் கருப்பண்ணனக் கூப்புட்டு விசாரிச்சிருக்குது. அவரு பாத்தத மட்டும் சொல்லுவாரு. சைக்கிள் அஞ்சு ஞாயிறா நிக்குது, உள்ள போனதப் பாக்குல, வெளிய வந்ததப் பாக்குலன்னு சொல்லியிருக்கறாரு. போதாதுங்களா?"

புதன்கிழமை மத்தியானம் சாரதாமணி கரையாம்புதூர் போனாள். பாப்பாயி வீடு அவளுக்குப் புதியதல்ல. சென்ற ஆண்டு பாப்பாயியின் மூத்த மகளுக்குப் பிரசவம் பார்த்திருந்தாள். கால் முதலில் வந்த குழந்தை; அப்படிப் பிறப்பதை அந்தப் பக்கத்தில் குறையாகப் பேசுவார்கள். விடிய விடிய ஆயிற்று. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பாப்பாயி வாசலில் உட்கார்ந்து வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், கெட்டியான உடம்பு. கை நிற்காமல் இலைகளை எண்ணி அடுக்கியது.

"வாங்க நர்ஸம்மா. எங்கூட்டுல இப்ப யாருக்கும் ஒண்ணுமில்லீங்களே."

"தெரியுமுங்க. காளியப்பன் ஊட்டுலயும் யாருக்கும் ஒண்ணுமில்லீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பாப்பாயியின் கை ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. கூட இருந்த இரண்டு பெண்களைப் பார்த்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க போங்க" என்றாள். அவர்கள் மனமில்லாமல் போனார்கள்.

சாரதாமணி எல்லாவற்றையும் சொன்னாள். கல் தாண்டியது முதல் நீர்க்கோழிக் குஞ்சு வரைக்கும். பாப்பாயி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நல்லா இருக்குதுங்க" என்றாள் முடிவில். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். போன வருசம் எம்மகளுக்குப் புள்ள கால்ல வந்துச்சு. அத வெளிய சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"எங்க சம்பந்தியூட்டுல கேட்டப்பக்கூட, எல்லாஞ் சொகமா நடந்துச்சுன்னுதான் சொன்னீங்க."

"ஆமாங்க."

"அதாவது, ஒரு ஊட்டு மானத்துக்காகப் பொய் சொல்ல உங்களுக்குத் தெரியும். தப்புன்னு சொல்லுலீங்க. அதுக்காகத்தான் இந்த சுத்துவட்டாரமே உங்களக் கூப்புடுது." ஒரு கவுளியைக் கட்டி ஓரமாக வைத்தாள். "ஆனா இப்ப நீங்க வந்து, காளியப்பனூட்டுல ஒண்ணுமில்லன்னு சொன்னா, அத நான் எங்க கொண்டுபோய் வெக்கறது?"

 பதினொரு வருஷம் கட்டிக் காத்த வாயடக்கம் தன் வார்த்தையையே செல்லாததாக்கிவிட்டது என்பது சாரதாமணிக்கு அன்று அந்த வாசலில்தான் தெரிந்தது.

"அதுவுமில்லாம" என்றாள் பாப்பாயி, "சும்மா போறேன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் தொண்டையில நிக்குது. கோயிலுக்குன்னு சொல்லுங்க, நம்பறேன். ஒறம்பர, சொந்தம்னு யாரு ஊட்டுக்குன்னாலும் சரி. போக வர பதினோரு மைலு, ஒருத்தி வெயில்ல சைக்கிள மெதிச்சுக்கிட்டுச் சும்மா போவாளா?"

"எங்க ஊர்ல தறிக்காரங்க அமாவாசைக்குத் தறியில உக்கார மாட்டாங்க. எங்க அப்பா அன்னைக்கு எழுந்திரிச்சு, எங்கயாச்சும் நடந்துபோயிட்டுப் பொழுதோட வருவாரு. எங்க போனீங்கன்னா, சும்மான்னு சொல்வாரு. மறுநாள் தறியில உக்காந்தா கை நல்லா ஓடும்பாரு."

"தறி நின்னா நிக்கும். கொடிக்கா நிக்குமா? வெத்தலைக்கு அமாவாச ஏது, ஞாயிறு ஏது? இன்னைக்குக் கிள்ளாத எலை நாளைக்கு முத்திப்போவுது. நான் கல்யாணம் ஆகி வந்து முப்பத்திமூணு வருசம். ஒரு நாளு பகல்ல சும்மா உக்காந்தேனான்னு கேளுங்க."

"உக்காந்ததே இல்லீங்களா?"

"புள்ள பெத்தப்ப படுத்தேன். அது கணக்கில்ல."

சாரதாமணி எழுந்தாள். வாசலைத் தாண்டும்போது பாப்பாயி கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கெழமை போவீங்களா?"

"நீங்க போவ வேண்டாம்னா போவலீங்க."

"போங்க. நானும் வாரேன். என் கண்ணால பாத்துக்கறேன், அந்தச் 'சும்மா' என்னன்னு."

ஆகஸ்டு 21-ஆம் தேதி சாரதாமணி மதகுக்கு வந்து சேர்ந்தபோது பாப்பாயி அங்கே இருந்தாள். வெளுத்த சேலை கட்டி, மடியில் வெற்றிலைப் பை செருகி, வேலிக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கரையில் போன நாலைந்து பேர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு நடையைக் குறைத்தார்கள். பொன்னாயி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சின்னாயி கொடிக்காலில் தேவைக்கு மேல் உயரமான ஏணியில் ஏறி, எல்லாருக்கும் தெரியும்படி வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பாப்பாயி அவளை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு சைக்கிளைப் பார்த்தாள்.

"பொட்டியத் தொறங்க."

சாரதாமணி திறந்தாள். பாப்பாயி கையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். தூக்குப்போசியில் புளிச்சோறு. துண்டு. பொரிகடலை. பத்திரிகை. அடியில் ஒரு வெல்லக்கட்டி, எறும்போடு.

"கத்திரிக்கோலு எங்க?"

"ஆஸ்பத்திரி அலமாரியில இருக்குதுங்க."

"அப்பறம் எதுக்குப் பொட்டியத் தூக்கிக்கிட்டு வாரீங்க? பொட்டியப் பாத்துத்தானுங்க ஊரே பேசுது!"

"அது கழலாதுங்க. போல்ட் போட்டிருக்குது."

பாப்பாயி பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பார்த்தாள். சைக்கிள் மொத்தமும் அசைந்தது. "கொல்லன் வேல" என்றாள், பாதி திட்டாக.

இருவரும் வரப்பில் நடந்தார்கள். பனந்தண்டுப் பாலத்தில் பாப்பாயி முன்னால் போய்க் கை கொடுத்தாள். புங்கமரத்தடிக்கு வந்ததும் சாரதாமணி துவைகல்லில் இடம் விட்டு உட்கார்ந்தாள். பாப்பாயி உட்காரவில்லை. மரத்தைச் சுற்றிப் பார்த்தாள். கோரைக்குள் எட்டிப் பார்த்தாள். எதிர்க் கரையில் வீடு ஏதாவது இருக்கிறதா என்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"இப்ப என்ன பண்ணுவீங்க?"

"இதுதானுங்க."

"இதுன்னா?"

"இப்படியே உக்காந்திருப்பேன்."

பாப்பாயி துவைகல்லின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். வெற்றிலை போட்டாள். யார் கொடிக்காலில் வேர் அழுகல் வந்தது, யார் வீட்டு மருமகள் வாய் பெரியது என்று பத்து நிமிஷம் பேசினாள். சாரதாமணி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சு குறைந்தது. நீர்க்கோழி வெளியே வந்தது. நாலு குஞ்சு வரிசையாகப் போக, ஐந்தாவது கோரையில் மாட்டிக்கொண்டு கத்தியது.

"அந்தக் கடைசிக் குஞ்சுக்கு என்னவாம்?"

"அது எப்பவும் அப்படித்தானுங்க."

"எங்கூட்டுக்காரராட்டம்" என்றாள் பாப்பாயி.

சாரதாமணி கால்களைத் தண்ணீரில் விட்டாள். சற்று நேரம் கழித்துப் பாப்பாயியும் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு விட்டாள். மீன் கொத்தியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி விட்டாள். புளிச்சோற்றை ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள். காற்று வந்தது. சாரதாமணி பத்திரிகையைப் பிரித்து வழக்கம்போல் ஒரு பக்கம் படித்துவிட்டு மடித்து வைத்தபோது, பாப்பாயி மரத்தில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் பாதி மடித்த வெற்றிலை.

சாரதாமணி அவளை எழுப்பவில்லை. வெயில் இலைகளின் வழியே அவள் முகத்துக்கு வந்தபோது மட்டும் துண்டை எடுத்துக் கிளையில் கட்டி மறைத்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து பாப்பாயி திடுக்கிட்டு விழித்தாள். சுற்றிலும் பார்த்தாள். தண்ணீர், நாரை, சாரதாமணி.

"தூங்கிட்டனா?"

"கொஞ்ச நேரந்தானுங்க."

"ஏதாச்சும் நடந்துச்சா?"

"ஒண்ணும் நடக்குலீங்க."

பாப்பாயி வாயைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். பொழுது எங்கே நிற்கிறது என்று கணக்குப் பார்த்தாள். "அட கெரகமே" என்றாள். பிறகு எழுந்திருப்பாள் என்று சாரதாமணி நினைத்தாள். அவள் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காலைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வரப்பில் திரும்பி வரும்போது பாதி வழியில் நின்று சொன்னாள்: "நர்ஸம்மா, கோவிச்சுக்காதீங்க. நான் நம்பாததுக்குக் காரணம் உங்க மேல சந்தேகமில்ல. இப்படி ஒரு சங்கதி உண்டுன்னே எனக்குத் தெரியாது."

மதகில் சைக்கிள் சாய்த்த இடத்திலேயே இருந்தது. பாப்பாயி அதன் ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

"இத நான் தள்ளிக்கிட்டு வரலாமுங்களா? கொஞ்ச தூரம்."

"உங்க ஊரு கெழக்கால இருக்குதுங்களே."

"இருக்கட்டும். மேக்கால போறவங்களுக்குந்தான் தெரியணும்."

தள்ளிக்கொண்டு போனாள். முதலில் சைக்கிள் அவளை வாய்க்கால் பக்கம் இழுத்தது. இரண்டு முறை காலில் பெடல் அடித்தது. பிறகு பழகிவிட்டது. மணியைக் கண்டதும் விரலை வைத்து அழுத்தினாள். கணீரென்றது. அதற்கப்புறம் கொடிக்கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி அடித்தாள்.

முதல் கொடிக்காலில் நாலைந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ராமாயி என்பவள், பாப்பாயிக்குத் தூரத்து உறவு, வழக்கப்படி கேட்டாள்: "தொலவுங்களா அத்த?"

"இல்லடி. காளியப்பன் கொடிக்காலுக்குப் பின்னால கோர ஏரி. அதுக்குத்தான் போயிட்டு வாரோம். நர்ஸம்மா அஞ்சு ஞாயிறா அங்கதான் போவுது."

ராமாயி வாயில் கை வைத்தாள். இடத்தின் பேரை இப்படி நடுவழியில் போட்டு உடைப்பார் யாருமில்லை. "ஏரிக்கு எதுக்குங்க?" என்றாள், வழக்கத்தை அவளும் விட்டு.

"உக்காரத்தான். நானும் உக்காந்தேன். தூங்கியும் போட்டேன், போ."

கொடிக்காலுக்குள் சிரிப்பு எழுந்தது. "அத்த தூங்குச்சாமா!" என்று ஒருத்தி அடுத்த கொடிக்காலுக்குக் கத்தினாள். அங்கிருந்து அதற்கடுத்ததற்குப் போயிற்று. ஒரு மைல் தள்ளி லஸ்கர் கருப்பண்ணனை அவர்கள் சந்தித்தபோது அவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"நீங்க குறட்ட உட்டதாச் சொல்றாங்க" என்றார் பாப்பாயியிடம்.

"நீ பாத்தியா?"

"பாக்குலீங்க."

"அப்பப் பாக்காதத எதுக்குச் சொல்ற? பாத்ததச் சொல்லு. நான் சைக்கிள் தள்ளிக்கிட்டு வாரேன், பொட்டி காலி. அதச் சொல்லு."

கருப்பண்ணன் பெட்டியைத் திறந்து பார்த்தார். எறும்பு மொய்த்த வெல்லக்கட்டி ஒன்று இருந்தது. அதையும் சேர்த்தே சொல்வதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை கரையாம்புதூரிலிருந்து காளியப்பன் வீட்டுக்குத் தாக்கல் வந்தது. செப்டம்பர் 2-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சின்னாயிக்கு நிச்சயம் நடந்தது. அதற்கடுத்த ஞாயிறு சாரதாமணி போனபோது, கிளுவை வேலி ஓரமாகச் சைக்கிள் சாய்க்க வசதியாகக் காளியப்பன் இடுப்புயரக் கல் ஒன்றை நட்டிருந்தார். அதைக் கையால் தட்டிக் காட்டிவிட்டுக் கொடிக்காலுக்குள் போனார். தை மாதம் கல்யாணம் ஆயிற்று. பாப்பாயி அதன் பிறகு மூன்று முறை ஏரிக்கு வந்தாள். மூன்று முறையும் தூங்கினாள்.

தலைப்பிரசவத்துக்குச் சின்னாயி தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். 1939-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை சைக்கிள் அந்தக் கல்லில் சாய்ந்து நின்றது. கரையில் போனவர்கள் நர்ஸம்மா ஏரிக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டு போனார்கள். ஒன்றரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை ஆறேகால் பவுண்டு.